பேதி மருந்தும் அளத்து உப்பும்

1788இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்து கப்பலேறிய வைட்லா ஐன்ஸ்லி, மதராஸ் வந்திறங்கியதும் செங்கல்பட்டுக் கோட்டைப் படைக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். கொளவாய் ஏரியை ஒட்டி விஜயநகரக் காலத்தில் எழுந்த கோட்டை அது. 1752இல் ராபர்ட் கிளைவ் கடலோரத்துக் கோவளத்தைப் பிடித்து, அதே வேகத்தில் உள்நாட்டுச் செங்கல்பட்டையும் பிடித்தார். அன்று முதல் அங்கே கம்பெனிச் சிப்பாய்கள் இருந்தார்கள். சிப்பாய்களுக்குச் சுரமும் வயிற்றுப்போக்கும் வந்தன. அவற்றைப் பார்க்க ஒரு வெள்ளைக்கார மருத்துவரும் தேவைப்பட்டார்.

ஐன்ஸ்லி மற்றவர்களைப் போலச் சீமை மருந்துப் பெட்டியோடு நின்றுவிடவில்லை. கடைத்தெருவில் என்ன வேர், என்ன கொட்டை, என்ன எண்ணெய் விற்கிறது, தமிழ் வைத்தியர்கள் அதை எந்த நோய்க்கு எந்த அளவில் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பல ஊர்களில் பல ஆண்டுகள் பணியாற்றிச் சேர்த்த அந்தக் குறிப்புகள் 1813இல் மதராஸ் அரசு அச்சகத்தில் நூலாயின. 1826இல் அதுவே விரிவடைந்து லண்டனில் இரண்டு தொகுதிகளாக வந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் தமிழ்ப் பெயர் கொடுத்திருந்தார். தென்னிந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த முதல் பெரிய நூல் என்று அதைச் சொல்வது மிகையாகாது.

அந்த நூலில் பேதி மருந்துகளுக்குக் குறைவே இல்லை. வைத்தியத்துக்கு வேறு, விளக்குக்கு வேறு என்று எண்ணெய் தந்த சிற்றாமணக்கும் பேராமணக்கும் அதில் உண்டு. நேர்வாளக் கொட்டை, நிலாவிரை, கடுக்காய் எல்லாம் உண்டு. ஐன்ஸ்லிக்கு இதில் வியப்பு இருந்திருக்காது. அன்றைய ஐரோப்பிய மருத்துவமும் குடலைக் கழுவுவதையே பாதி வைத்தியமாக வைத்திருந்தது. பாதரசக் கலவையான கலோமலை வாரி வழங்குவதும், கத்தி வைத்து இரத்தம் எடுப்பதும் லண்டனிலும் எடின்பரோவிலும் கற்பிக்கப்பட்ட முறைகள். கெட்டது உள்ளே தங்கியிருக்கிறது, அதை வெளியேற்றினால் உடம்பு தேறும் என்ற எண்ணத்தில் செங்கல்பட்டு வைத்தியரும் ஸ்காட்லாந்துப் படிப்பு படித்தவரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

நேர்வாளம் இந்தப் பக்கத்திலிருந்தே மறுபடி ஐரோப்பாவுக்குப் போனது. மதராஸ் பணியிலிருந்த கான்வெல் என்ற மருத்துவர், 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் எண்ணெயை அங்கே அறிமுகப்படுத்தினார். 1824இல் பாரிஸில் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். ஒரு சொட்டு நாக்கில் பட்டாலே குடல் கலங்கிவிடும். சித்த வைத்தியர்கள் அந்தக் கொட்டையை அப்படியே கொடுத்ததில்லை. சாணநீரில் வேகவைத்து, தோலையும் உள்முளையையும் நீக்கி, பிறகே மருந்தில் சேர்த்தார்கள். அகத்தியர் குழம்பு போன்ற பேதி மருந்துகளில் நேர்வாளம் அந்தச் சுத்தி முறைக்குப் பிறகுதான் இடம்பெற்றது. ஐரோப்பாவுக்குப் போனது எண்ணெய் மட்டுமே. சுத்தி முறை கப்பலேறவில்லை.

பேதி கொடுக்கும் வழக்கத்தின் வரலாற்றில் இது மறுபடி மறுபடி நடந்திருக்கிறது. மருந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது, அதைச் சுற்றியிருந்த காவல் கீழே விழுந்துவிடுகிறது.

வீடுகளில் இருந்த வழக்கத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து சாப்பிட வேண்டும் என்பது தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி. எல்லாரும் அந்தக் கணக்கைப் பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கத்து வீடுகளில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ‘பேதிக்குக் குடுக்கிற நாள்’ கட்டாயம் வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில், வெறும் வயிற்றில், சூடாக்கிய விளக்கெண்ணெய். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். பின்னால் ஒரு வாய் இஞ்சிச் சாறோ வெல்லமோ கிடைக்கும். ஓட நினைத்த பிள்ளையைப் பிடித்து மடியில் இருத்திக்கொள்ள வீட்டில் ஒரு சித்தியோ அத்தையோ இருப்பார்.

பிறகு கணக்கு தொடங்கும். “எத்தினி தரம் போச்சுடா?” என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருப்பாள். இரண்டு மூன்று தரத்தோடு தயங்கி நின்றால் வெந்நீர் கொடுப்பார்கள், மறுபடி போகும். போதும் என்று பாட்டிக்குத் தோன்றினால் உப்புப் போட்ட நீர்மோர் வரும். பேதி அடங்கும். மதியம் குழைய வடித்த சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம், சில வீடுகளில் பருப்புத் துவையல். எண்ணெய்ப் பண்டம் கிடையாது, வெயிலில் விளையாட்டு கிடையாது. கர்ப்பிணிக்கும், சுரம் கண்டவருக்கும், தள்ளாத கிழவருக்கும் பேதி மருந்து கிடையாது.

அந்த ரசச் சோற்றையும் மோரையும் இன்றைய உடலியங்கியல் கண்கொண்டு பார்த்தால் அதன் பொருத்தம் புரியும். பேதியில் தண்ணீர் மட்டும் போவதில்லை, அதோடு சோடியமும் போகிறது. ஒரு லிட்டர் குருதிநீரில் இருக்கும் சோடியம் சுமார் 8 கிராம் உப்புக்குச் சமம். கடல்நீரில் இருப்பதில் ஏறத்தாழ கால் பங்கு. இந்த அளவு கொஞ்சம் இறங்கினாலும் மூளைதான் முதலில் உணரும். சோற்றின் மாவு குடலில் குளுகோஸாகச் சிதைகிறது. குளுகோஸ் குடற்சுவருக்குள் நுழையும்போது சோடியத்தையும் உடன் இழுத்துக்கொண்டு போகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. உப்பும் மாவும் நீரும் சேர்ந்த அந்த மதியச் சாப்பாடு, காலையில் இழந்ததை மாலைக்குள் திருப்பிக் கொடுத்தது. பாட்டிக்கு சோடியம் தெரியாது. ஆனால் பேதி கொடுப்பதும் அதைக் கட்டுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

பழையது என்பதால் எல்லாவற்றையும் கொண்டாடிவிடவும் கூடாது. சத்துக் குறைந்த பிள்ளைக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை குடலைக் கழுவ மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. நேர்வாளம் கை தவறியபோது உயிர்கள் போயின. சில மருந்துகளுக்கு உப்பில்லாப் பத்தியம் சொல்லப்பட்டது. பேதியோடு அந்தப் பத்தியமும் சேர்ந்தால், போன உப்பு திரும்பி வர வழியே இல்லை. தேறியவர்களின் கதைகள்தான் வீடுகளில் நிலைத்தன. தேறாதவர்களின் கதை யார் வாயிலும் இல்லை.

உப்புக்குச் செங்கல்பட்டுக் கடற்கரையில் பஞ்சமே இருந்ததில்லை. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் உப்பு ஏற்றிய உமணர் வண்டிகள் வரிசையாக உள்நாட்டுக்குப் போகின்றன. அதே பாட்டில் வரும் நீர்ப்பெயற்றுத் துறையை மாமல்லபுரத்தை ஒட்டிய கரையில் வைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. தெற்கே மரக்காணம், சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் என்பது பலரும் ஏற்ற கருத்து. நான்காம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து பல்லவ அரசன் சிவஸ்கந்தவர்மன் பிராகிருதத்தில் வெளியிட்ட மயிதவோலு, ஹிரஹடகல்லிச் செப்பேடுகள், தானம் கொடுத்த ஊர்களுக்கு உப்பு எடுப்பது தொடர்பான அரசு உரிமையிலிருந்து விலக்கு அளிக்கின்றன. விலக்கு எழுதிக் கொடுக்கும் அளவுக்கு உப்பின்மீது அரசனுக்கு அப்போதே பிடி இருந்திருக்கிறது.

கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே போகும் சாலையின் இருபுறமும் இன்றும் அளங்கள் இருக்கின்றன. முட்டுக்காடு முகத்துவாரம் வழியே ஏறும் உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி, வெயிலில் காய விடுகிறார்கள். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் வேலை தொடங்கும். வடகிழக்குப் பருவமழை எட்டிப் பார்த்ததும் முடிந்துவிடும். நீரின் அடர்த்தி போமே அளவியில் 25ஐத் தொடும்போது சோற்றுக்குப் போடும் உப்பு படியத் தொடங்குகிறது. அதை வாரிக் குவித்தபின், 29, 30ஐத் தாண்டிய கசப்பு நீரைப் பாத்தியிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். அந்தக் கசப்பு மக்னீசிய உப்புகளால் வருவது. அதில் ஒன்றான மக்னீசியம் சல்பேட்டைத்தான் மருந்துக் கடைகள் பேதியுப்பு என்று விற்றன. உடம்பில் நீரை நிறுத்தி வைக்கும் உப்பும், குடலில் நீரை இறக்கிவிடும் உப்பும் ஒரே பாத்தியில், சில நாள் இடைவெளியில் பிரிகின்றன.

1805இல் கம்பெனி மதராஸ் மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அளத்தில் விளைந்ததைக் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும், அது வைத்த விலைக்கே மக்கள் வாங்க வேண்டும். கோவளத்து உப்பு படகுகளில் மதராசுக்குப் போனது. 1806இல் பேசில் காக்ரேன் பெயரில் எண்ணூர்ப் பக்கம் தொடங்கிய கால்வாய், வடக்கும் தெற்குமாக நீண்டது. 1877, 78இல் தாது வருஷப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அப்போதைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாயான அது தெற்கே மரக்காணம் வரை வந்தது. எலும்பும் தோலுமாக வந்து மண் சுமந்தவர்கள் வெட்டிய வழியில் உப்பும் விறகும் போயின.

1888இல் ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, வரி மட்டும் இரண்டரை ரூபாய் ஆனது. அடுத்த ஆண்டு வந்த மதராஸ் உப்புச் சட்டம் அனுமதியில்லாமல் உப்பு எடுப்பதைக் குற்றமாக வரையறுத்தது. உவர்மண்ணைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சிய ஏழைகளும் அதில் மாட்டினார்கள். கூழுக்குப் போட வேண்டிய கல் உப்பை விலை பார்த்துப் போட வேண்டியிருந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும், அதே மாதம் மதராஸ் கடற்கரையில் பிரகாசமும் நாகேஸ்வர ராவும் உப்புக் காய்ச்சியதும் இந்த நெருக்கடியின் பின்னணியில்தான். உப்பு வரி 1947 ஏப்ரலில் நீங்கியது. வெயிலில் உழைத்து, வேர்வையில் உப்பை இழப்பவர்கள்தான் உப்பை மிக அதிகம் வேண்டியவர்கள். அவர்கள் தலைமேலேயே அந்த வரி ஒரு நூற்றாண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தது என்பதை ஆறாத கோபத்தோடுதான் எழுத முடிகிறது.

அந்த நூற்றாண்டில்தான் காலரா வந்தது. 1817இல் வங்காளத்தில் பரவிய நோய் 1818இல் மதராஸ் மாகாணத்தைத் தொட்டது. காலராவில் ஒரு நாளில் பல லிட்டர் நீர், கஞ்சித்தெளிவு போல, குடல் வழியே வெளியேறும். அதில் ஏறத்தாழக் குருதிநீரில் இருக்கும் அளவுக்கே சோடியம் இருக்கும். மதராஸ் மருத்துவர்களின் அனுபவங்களைத் தொகுத்து வில்லியம் ஸ்காட் 1824இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். ஐன்ஸ்லியும் 1825இல் காலரா பற்றித் தனி நூல் எழுதினார். அன்று கொடுத்த வைத்தியம் என்ன? கலோமல், அபின், இரத்தம் எடுப்பது. நீர் வற்றிச் சுருங்கிக் கிடந்தவரிடமிருந்து மேலும் நீரை எடுத்தார்கள்.

1831இன் கடைசியில் இங்கிலாந்தின் வடகரைக்குக் காலரா வந்தபோது, வில்லியம் புரூக் ஓஷானசி என்ற இளைஞர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் காட்டினார். அதைப் படித்த தாமஸ் லாட்டா 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் உப்புநீரை நேரே நரம்பில் ஏற்றினார். சாகக் கிடந்த சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். மருத்துவ உலகம் பார்த்தது, வாதாடியது, மறந்தது. ஓஷானசி அடுத்த ஆண்டே கல்கத்தாவுக்கு வந்தார். இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுத்தவர் என்றே இங்கே நினைக்கப்படுகிறார். அவருடைய உப்புக் கண்டுபிடிப்பு, காலரா நிற்காமல் கொன்றுகொண்டிருந்த நாட்டில், எழுபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் காத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் செறிவான உப்புநீரை ஏற்றத் தொடங்கிய பிறகுதான் சாவுக் கணக்கு இறங்கியது.

நரம்பில் ஏற்றாமல் வாய் வழியே கொடுக்க முடியுமா என்ற கேள்விக்குக் களத்தில் பதில் 1971இல் வந்தது. வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பொங்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோன நெருக்கடியில், திலீப் மகாலநாபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் கரைத்து வாளிகளில் கொடுத்தார். நோயாளிகளில் சுமார் 30 விழுக்காடாக இருந்த சாவு 4 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. இன்று எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தின் கதை இது. பிற்பாடு அரிசி மாவை வைத்துச் செய்த கரைசலும் பலன் தந்ததைக் காட்டினார்கள். ரசச் சோற்றுக்கு வெகு அருகில் வந்துவிட்ட அறிவியல்.

நோயில்லாதபோது வேண்டுமென்றே பேதி கொடுக்கும் பழக்கம், வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மருத்துவமனை வழியாக மறுபடி உள்ளே வந்தது. 1969இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் வளையும் குழாய்க் கருவியைப் பெருங்குடல் முழுவதும் செலுத்தி, உள்ளே முளைத்த கட்டிகளை அறுவை இல்லாமலேயே அகற்றத் தொடங்கினார்கள். கொலோனோஸ்கோபி உயிர் காக்கும் சோதனை. புற்றுநோயாக மாறப்போகும் முளையை மாறும் முன்பே கண்டு எடுத்துவிடலாம். ஒரே நிபந்தனை, குடல் துப்புரவாக இருக்க வேண்டும்.

அதற்கு மருத்துவர்கள் முதலில் கையில் எடுத்தது பழைய சரக்குகளையே. விளக்கெண்ணெய், திருநெல்வேலிப் பக்கத்தில் விளைந்து உலகமெங்கும் போன நிலாவிரை, மக்னீசிய உப்பு, கூடவே எனிமா. இரண்டு மூன்று நாள் பட்டினி. பிறகு மானிட்டால் என்ற சர்க்கரைக் கரைசல் வந்தது. குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விட்டன. 1979இல் பிரான்சில் கட்டியை மின்சாரத்தால் அறுத்தபோது அந்த வாயு வெடித்து நோயாளி இறந்தார். பாஸ்பேட் கரைசல் சிலருடைய சிறுநீரகத்தைப் பழுதாக்கியது. 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைப் பற்றி எச்சரித்தது.

இடையில் 1980இல், டெக்சாஸைச் சேர்ந்த ஜான் ஃபோர்ட்ரானும் அவருடைய சகாக்களும் பிரச்சினையை வேறு பக்கமிருந்து அணுகினார்கள். குடல் சுத்தமாக வேண்டும், ஆனால் உடம்பிலிருந்து நீரோ உப்போ போகக் கூடாது, உள்ளேயும் ஏறக் கூடாது. குடலால் உறிஞ்ச முடியாத பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பொருளைக் கரைத்து, அதோடு சோடியம், பொட்டாசியம் உப்புகளையும் சரியான அளவில் சேர்த்தார்கள். லிட்டருக்கு 125 மில்லிமோல் சோடியம், ஏறத்தாழக் குருதிநீரின் அளவு. நான்கு லிட்டர் குடிக்க வேண்டும். வாய்க்குப் பிடிக்காத உவர்ப்பு. ஆனால் உப்பை மருந்துக்குள்ளேயே கட்டி வைத்த பேதி மருந்து அது. பாட்டி மதியத்துக்கு ஒதுக்கி வைத்ததை ஃபோர்ட்ரான் காலையிலேயே கலந்துவிட்டார்.

நான்கு லிட்டர் யாருக்கும் பிடிக்கவில்லை. குறைந்த அளவில் குடிக்கக்கூடிய மருந்துகளுக்குத் தேவை எழுந்தது. சோடியம் பிகோசல்ஃபேட்டும் மக்னீசியம் சிட்ரேட்டும் கலந்த சிறு பொட்டலங்கள் அப்படி வந்தன. பிகோசல்ஃபேட் பெருங்குடலைத் தூண்டுகிறது, மக்னீசியம் நீரை இறக்குகிறது. மருந்து ஒரு தம்ளர்தான். மீதி நீரை நோயாளியே தன் விருப்பப்படி குடித்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் காவல் மறுபடி கீழே விழுந்தது. ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் நோயாளி தண்ணீரைத்தான் குடிப்பார், வெறும் தண்ணீரை.

உடம்புக்குள் நடப்பது இது. பேதியில் சோடியம் போகிறது. பட்டினியும் குமட்டலும் சோதனை பற்றிய அச்சமும் சேர்ந்து மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற சுரப்பைத் தூண்டுகின்றன. நீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்கு ஆணையிடும் சுரப்பு அது. குடித்த வெறும் நீர் சிறுநீராகப் போகாமல் இரத்தத்திலேயே தங்கி, இருக்கிற சோடியத்தை நீர்க்கச் செய்கிறது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது சரியத் தொடங்கும். முதலில் தலைவலி, வாந்தி, அசதி. பேதி மருந்து குடித்தால் இப்படித்தான் இருக்கும் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். 125க்கும் கீழே வேகமாக இறங்கினால் பேச்சு குழறும், ஆளை அடையாளம் தெரியாது, வலிப்பு வரும். மூளை செல்கள் நீரை உறிஞ்சி வீங்குவதால் வரும் ஆபத்து இது. உயிரையும் எடுக்கும்.

யாருக்கு வருகிறது என்று பார்த்தால் ஒரு முகம் திரும்பத் திரும்பத் தெரிகிறது: வயதான பெண், மெலிந்த உடம்பு, இரத்தக் கொதிப்புக்குத் தினமும் ஒரு மாத்திரை. தயாசைடு வகையைச் சேர்ந்த ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் போன்ற மாத்திரைகள் சிறுநீரில் சோடியத்தை ஏற்கெனவே இறைத்துக்கொண்டிருக்கும். மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் வாசோபிரெசினைக் கூட்டும். கொதிப்புக்காக உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறவராகவும் அவர் இருப்பார். பேதி கொடுக்கக் கூடாதவர் பட்டியலில் தள்ளாதவரைச் சேர்த்த பழைய விதி நினைவுக்கு வருகிறது. இன்று அவருக்குத்தான் சோதனை அதிகம் தேவைப்படுகிறது. ஆகவே விலக்குவது தீர்வல்ல, கூடுதல் கவனமே தீர்வு.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் முதியவர்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. பாலிஎதிலீன் கிளைக்கால் குடித்தவர்களோடு ஒப்பிட்டால், பிகோசல்ஃபேட் குடித்தவர்கள் சோடியம் குறைந்து மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு இருமடங்குக்கும் மேல் என்று அது காட்டியது. மொத்தத்தில் இப்படிச் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. பாலிஎதிலீன் கிளைக்கால் குடித்தவர்களுக்கும் அரிதாக இது நேர்ந்திருக்கிறது, வெறும் தண்ணீரை மேலே மேலே குடித்தபோது. இதைக் கேட்டுப் பயந்து சோதனையைத் தள்ளிப்போடுவது பெரிய தவறாகிவிடும். இரத்தப் போக்கோ புற்றுநோய்ச் சந்தேகமோ இருப்பவருக்குக் கொலோனோஸ்கோபியால் கிடைக்கும் நன்மை இந்த ஆபத்தைவிடப் பல மடங்கு.

கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இளநீர்க் கடைகள். பேதி மருந்து குடித்தவருக்கு இளநீர் வாங்கிக் கொடுப்பது இந்தப் பக்கத்து வீடுகளின் முதல் கரிசனம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் மிகக் குறைவு. போன சோடியத்தை அது ஈடுகட்டாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அந்தப் பொட்டாசியமே கெடுதல். நீர்மோரும் சோதனைக்கு முந்தைய நாள் ஆகாது, பால் கலந்தது குடலில் படியும் என்று மருத்துவர்கள் தடுப்பார்கள். ஓஆர்எஸ் கரைசல், உப்புப் போட்டு வடிகட்டிய தெளிவான சூப், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு ஆகியவை பெரும்பாலும் அனுமதிக்கப்படும். இதய நோயாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் அளவு வேறு. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி 1965இல் தொடங்கியது. பேதியைச் சிகிச்சையின் தொடக்கமாகக் கொள்ளும் சித்த மருத்துவத்துக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் தாம்பரம் சானடோரியத்தில் இயங்குகிறது. ஐன்ஸ்லி தன் நோட்டில் அருகருகே எழுதிய இரண்டு மருத்துவங்களும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. எந்தப் பக்கம் பேதி மருந்து வாங்கினாலும், முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் ஒன்றேதான்: என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், முன்பு சோடியம் குறைந்ததுண்டா, அன்று உடனிருக்க வீட்டில் ஆள் உண்டா? முதியவருக்கும் தயாசைடு சாப்பிடுகிறவருக்கும் மருந்து கொடுக்கும் முன்பே ஒருமுறை இரத்தத்தில் சோடியம் பார்த்துவிடலாம். செலவு மிகக் குறைவு. மருந்தை முந்தைய மாலை பாதி, மறுநாள் காலை பாதி என்று பிரித்துக் குடிக்கச் சொல்வதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

அப்படியும் ஒருவர் குழறத் தொடங்கினால் வீட்டில் உப்புக் கரைத்துப் புகட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும். அங்கே 3 விழுக்காடு உப்புநீரை நரம்பில் சிறு சிறு அளவாக ஏற்றுவார்கள். சோடியம் நாலைந்து மில்லிமோல் ஏறினாலே வலிப்பு பெரும்பாலும் அடங்கும். அதன்பின் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஒரு நாளில் 8 அல்லது 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றினால் மூளைத்தண்டின் நரம்புறை சிதைந்து, கை கால் விழுந்துபோகலாம். அதனால்தான் இரவு முழுக்கச் சில மணிக்கொரு தரம் இரத்தம் எடுத்துச் சோடியத்தைப் பார்க்கிறார்கள்.